இடது சுண்டுவிரல்

கிரேக்கத்தில் கேள்விக்குறிக்குக் கொக்கி கிடையாது.
நாம் அரைப்புள்ளி என்கிறோமே,
மேலே ஒரு சொட்டு, கீழே ஒரு வால்,
அங்கே அதுதான் கேள்வி.
வோலோஸ் துறைமுக நகர நீதிமன்றத்தில்
வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்யும் ஸ்தமாத்தியாவுக்கு
அது இடது கைச் சுண்டுவிரலில் இருக்கிறது.
முற்றுப்புள்ளி வலது மோதிரவிரலில்.
இடையில் ஏழு விரல் தூரம்.

அவள் பெயருக்கே 'நிறுத்து' என்று பொருள்.
ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அப்பா வைத்தது.
நம்மவர்கள் போதும்பொண்ணு என்று கூப்பிடுவதில்லையா, அப்படி.
அடுத்த ஆண்டே ஆறாவது பிறந்தாள்.
முற்றுப்புள்ளிகளை முழுதாக நம்பாததற்கு
வேறு காரணம் சொல்லத் தெரியாது அவளுக்கு.
ஒரு வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி போடும் வக்கீல்களை
அதே குறியில் கழுவேற்றலாம் என்பாள்,
மெதுவாக, யாருக்கும் கேட்காமல்.

இன்று வந்த கோப்பு.
பிப்ரவரி மாத இரவு, ஒரு படகு கட்டவிழ்ந்து நகர்ந்து
பாறையில் மோதியதில்
உள்ளே தூங்கிய வலைக்காரப் பையனின் கால் நசுங்கியது.
பாந்தெலிஸ், ஐம்பத்தெட்டு வயது, பக்கத்துப் படகுக்காரர்,
கடலோரக் காவல் நிலையத்தில் சொன்னதாக ஒற்றை வரி:
நான் கயிற்றை அவிழ்த்தேன்.
கடைசியில் கடுகளவு புள்ளி.
அந்தக் கடுகுக்கு மூன்று வருடம் என்று
வக்கீல் கணக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

தமிழென்றால் ஓர் ஆகாரம் போதும்.
அவிழ்த்தேன். அவிழ்த்தேனா.
பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.
அவர்கள் மொழியில் அந்த ஆ இல்லை.
அதே சொற்கள், அதே வரிசை,
குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் ஒப்புதல்.
காகிதத்துக்கு ஏது குரல்?

ஒலிப்பதிவைப் போட்டாள்.
நாற்காலி கிரீச்சிடுகிறது. யாரோ தீக்குச்சி உரசுகிறார்.
அதிகாரி ஏதோ கேட்க, பாந்தெலிஸ் தொடங்குகிறார்:
நான் கயிற்றை
சரியாக அந்த இடத்தில்
ஸ்கியாதோஸ் போகும் கப்பல் சங்கு ஊதுகிறது.
அடியில் ஒரு சொல் அசைவது தெரிகிறது,
நுனி மட்டும் ஏறியதா இறங்கியதா தெரியவில்லை.
ஓய்ந்தபின் மிச்சம் வெறும் மூச்சு.

பதினொரு முறை கேட்டாள்.
மூன்றாம் முறை அவர் திகைத்தார்.
ஆறாம் முறை அவரே செய்ததுபோல் இருந்தது.
எட்டாவதில், மதியம் சாப்பிடாததாலோ என்னவோ,
தீக்குச்சிகூடக் கேள்வி கேட்டது.
நிலைய எழுத்தன் எத்தனை முறை கேட்டிருப்பான்?
ஒருமுறை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில்
வலது கைக்கு முதலில் எட்டிய விசை.

இரக்கப்பட்டு வால் வைத்துவிடலாம்.
சுண்டுவிரல் போய் உட்கார்ந்தும்விட்டது.
ஆனால் நசுங்கிய காலுக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது.
இதே கோப்பில், ஒன்பதாம் பக்கத்தில்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்
தெளிவாக முடிகிறது.

விரலை எடுத்தாள்.
பிறகு இப்படி அடித்தாள்:
நான் கயிற்றை அவிழ்த்தேன்
இவ்விடத்தில் கப்பல் சங்கு, நான்கு விநாடி.

சங்குக்குப் பின்னால் ஒரு புள்ளி.
அன்று முழுக்க
விரல் கூசாமல் வைத்தது அது ஒன்றுதான்.
நீதிபதி ஏற்பாரா என்பது வியாழக்கிழமை தெரியும்.

படியிறங்கும்போது வாயிற்காவலர் ஹரிலாவோஸ்
சாவிக்கொத்திலிருந்து தலை நிமிராமல்
கிளம்பியாச்சு
என்றார்.
கேட்டாரா, சொன்னாரா?
வெளியே காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.
அவள் தலையசைத்தாள்,
இரண்டுக்கும் பொருந்தும்படி.